வாசகர் கேள்வி – பதில்: சகாராவில் எடுத்த ஒரு மௌனப்படம்

(சென்ற இதழில், பிரெஞ்சு மௌனப்படங்களின் பட்டியலில் 1921இல் வெளிவந்த ‘லத்லாந்தீத்’ (‘அட்லாண்டிஸ்’) பற்றி நான்கு வரி எழுதியிருந்தோம். அதைத் தொடர்ந்து வந்த கேள்விகளில் சிலவும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.)

‘பாலைவனத்தில் காணாமல் போகும் ராணுவ அதிகாரிகள்’ என்று மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். கதையைச் சற்று விரிவாகச் சொல்லக்கூடாதா?
– வாசகர், காரைக்குடி

பியேர் பெனுவா 1919இல் எழுதிய நாவல்தான் மூலம். அதே ஆண்டு பிரெஞ்சு அகாதெமியின் நாவல் பரிசையும் பெற்றது. படமாக்கியவர் பெல்ஜியத்தில் பிறந்த ஜாக் ஃபெய்டர்.

அல்ஜீரியாவின் தெற்கே பிரெஞ்சு ராணுவக் காவல்முகாம் ஒன்றுக்கு சேந்த் அவி என்ற அதிகாரி வருகிறான். உடன் சென்ற மொரான்ஜ் என்ற அதிகாரியைப் பாலைவனத்தில் கொன்றவன் என்ற பழி அவன்மேல் இருக்கிறது. முகாமில் இருக்கும் ஃபெரியேர் என்ற இளைய அதிகாரியிடம், அந்தப் பழி உண்மைதான் என்று தொடங்கி நடந்ததை அவன் சொல்கிறான். இருவரும் ஹொக்கார் மலைப்பகுதிக்குப் புறப்பட்டது, வழியில் சகாராவின் நாடோடி இனமான துவாரெக்கைச் சேர்ந்த ஒரு மனிதனைக் காப்பாற்றியது, குகைச்சுவரில் ‘அந்தினேயா’ என்ற பெயரைப் பண்டைய எழுத்தில் கண்டது, கஞ்சாப் புகையில் மயங்கி அந்தப் பெயருக்குரிய அரசியின் மலைக்கோட்டையில் கண்விழித்தது என்று கதை போகிறது. பழங்கதையில் வரும் அட்லாண்டிஸ் தீவு கடலில் மூழ்கவில்லை, அதைச் சுற்றியிருந்த கடல்தான் வற்றிப் பாலைவனமாயிற்று என்பது கதையின் அடிப்படைக் கற்பனை. அந்தினேயா அந்தக் குலத்தின் கடைசி வாரிசு. அவளிடம் மனம் பறிகொடுத்த ஆண்கள் உலோகப் பூச்சுப் பூசிய சடலங்களாக ஒரு மண்டபத்து மாடங்களில் நிற்கிறார்கள். மொரான்ஜ் அவளுக்கு இணங்குவதில்லை. சேந்த் அவி இணங்குகிறான். அவள் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நண்பனைச் சுத்தியலால் அடித்துக் கொல்கிறான். தனித் ஸெர்கா என்ற பணிப்பெண்ணோடு தப்பி ஓடுகிறான். அவள் தாகத்தில் மடிகிறாள்.

முடிவைச் சொல்லிவிட்டோம் என்று வருந்த வேண்டாம். படம் தொடங்கும்போதே பாதி முடிவு தெரிந்துவிடும்.

உண்மையிலேயே சகாராவுக்குப் போய்த்தான் எடுத்தார்களா? அந்தக் காலத்தில் செட் போட்டே எல்லாவற்றையும் முடித்துவிடுவார்களே?
– கல்லூரி மாணவி, திருச்சிராப்பள்ளி

போய்த்தான் எடுத்தார்கள். இந்தப் படம் இன்றும் பேசப்படுவதற்கு அதுவே முதற்காரணம். பாரிசுக்குப் பக்கத்தில் மணற்பாங்கான இடம் பார்த்து எடுத்துவிடலாம் என்ற யோசனைக்கு ஃபெய்டர் இணங்கவில்லை. வங்கித்துறையில் இருந்த உறவினர் ஒருவர் மூலம் பணம் திரட்டி, குழுவோடு அல்ஜீரியாவில் ஏறத்தாழ எட்டு மாதம் தங்கினார். செலவு 20 லட்சம் பிராங்கை நெருங்கியது. அதுவரை எந்தப் பிரெஞ்சுப் படத்துக்கும் அவ்வளவு செலவானதில்லை. கலங்கிப்போன முதலீட்டாளர்கள் உரிமையை லூயி ஓபேர் என்ற விநியோகஸ்தருக்கு விற்றார்கள். லாபம் முழுதும் அவருக்குப் போனது. இந்தப் படத்தின் பெரிய நடிகர் மணல்தான் என்ற பொருளில் விமர்சகர் லூயி டெல்லுக் எழுதினார். பாராட்டும் குத்தலும் கலந்த வரி அது, இரண்டுமே பொருந்தும்.

ஆனால் கதை நடக்கும் ஹொக்கார் மலைக்குள் முழுப் படக்குழுவும் போய் வேலை செய்வது அன்று நடக்கிற காரியமில்லை. அல்ஜியர்ஸிலிருந்து அது ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது. ரயில் பிஸ்க்காரா வழியாகத் துகுர்த் வரைக்கும்தான். அந்தப் பாதையும் 1914இல் வந்ததே. ஆகவே மணற்குன்றுகளுக்குத் துகுர்த் பக்கமும், பாறைக்கும் கணவாய்க்கும் ஓரெஸ் மலையும் பயன்பட்டன. அரண்மனையின் உட்புறக் காட்சிகளை அல்ஜியர்ஸுக்கு வெளியே பெரிய கூடாரம் அடித்து, அதையே ஸ்டுடியோவாக்கி எடுத்தார்கள். அரங்க அமைப்பு ஓவியர் மானுவேல் ஓராஸியுடையது.

மணலில் மௌனப்படம் எடுப்பதன் சிரமம் இன்றைக்கு டிஜிட்டல் கேமரா பிடிப்பவர்களுக்கு எளிதில் விளங்காது. அந்தக் காலத்துக் கேமராவைக் கையால் சுழற்ற வேண்டும். ஒரு சுற்றுக்கு 8 ஃபிரேம், நொடிக்கு இரண்டு சுற்று. ஆக நொடிக்கு 16 ஃபிரேம் என்பது அடிப்படைக் கணக்கு. பிரெஞ்சு ஒளிப்பதிவாளர்கள் பரவலாக வைத்திருந்த டெப்ரி பார்வோ கேமராவில் 120 மீட்டர் சுருள் பிடிக்கும். அந்த வேகத்தில் அது ஆறரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். தீர்ந்ததும் ஒளி புகாத பைக்குள் கைவிட்டு மாற்றுச் சுருள் போட வேண்டும். மணல் உள்ளே நுழைவது அந்த நேரத்தில்தான். ஃபிலிம் ஓடும் வாயிற்சட்டத்தில் ஒரு மணல்துகள் சிக்கினால் போதும், அன்றைய நெகட்டிவ் முழுக்க ஒரே நேர்கோடாகக் கீறல் விழும். ஒவ்வொரு சுருளுக்கும் சட்டத்தைத் திறந்து, பிரஷால் துடைத்து, கண்ணால் பார்த்துவிட்டு மூடுவதைத் தவிர வேறு வழியில்லை.

வறண்ட காற்று இன்னொரு தொல்லை. ஃபிலிம் வேகமாக உரசி ஓடும்போது மின்னூட்டம் ஏறி, உள்ளுக்குள்ளேயே பொறி தட்டும். கழுவிப் பிரிண்ட் போட்டுப் பார்த்தால் படத்தின் குறுக்கே மரக்கிளை போன்ற வெள்ளை மின்னல்கள் தெரியும். இதைத் தவிர்க்க மெதுவாக, சீராகச் சுழற்ற வேண்டும். மாற்றுச் சுருளை அவசரமாகச் சுற்றவும் கூடாது.

கழுவும் வேலையோ இதைவிடக் கடினம். டெவலப்பர் கரைசல் 18 முதல் 20 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். 25ஐத் தாண்டினால் ஃபிலிமின் மேலிருக்கும் ஜெலட்டின் பூச்சு இளகி, ஓரத்தில் சுருங்கி உரியத் தொடங்கும். பனிக்கட்டி கிடைக்காத இடத்தில் முழுச் சுருளையும் கழுவ முடியாது. வெளிச்சம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கச் சுருளின் முனையில் ஒரு சிறு துண்டை மட்டும் வெட்டி, இரவுக் குளிரில் கழுவிப் பார்ப்பது அக்கால ஒளிப்பதிவாளர்களின் வழக்கம். மீதி நெகட்டிவ் ஊர் போய்ச் சேரும்வரை எடுத்தது என்னவென்று யாருக்கும் தெரியாது.

படத்தில் வானம் எப்போதும் வெள்ளையாகவே இருக்கிறது. பிரிண்ட் கெட்டுப்போனதா?
– வாசகர், சேலம்

கெடவில்லை. அப்போது புழக்கத்தில் இருந்த ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிம் நீலத்தை அதிகமாக வாங்கும், சிவப்பை வாங்கவே வாங்காது. அதனால் நீலவானம் வெளுக்கும், சிவப்புத் துணி கறுக்கும். நாவலில் சிவப்புச் சலவைக்கல் மண்டபம் என்று வருகிறதே, அதை உண்மையாகவே சிவப்பில் கட்டினால் திரையில் கரிக்குகை மாதிரி தெரியும். எந்த நிறம் எந்தச் சாம்பலாக விழும் என்று பார்த்துத்தான் அரங்கத்துக்கு வண்ணம் அடிப்பார்கள். மனித முகத்திலும் சிவப்பு உண்டல்லவா? நடிகர்களின் ஒப்பனை தடிமனாக, வெளிறித் தெரிவதற்கும் இதுவே காரணம்.

இப்படி ஒரு பயணம் சரித்திரத்தில் நடந்ததா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை

அந்தினேயாவும் அவள் அரண்மனையும் முழுக்கக் கற்பனை. ஆனால் பிரெஞ்சு வாசகர்கள் அந்தக் கதையை நடுக்கத்தோடு படித்ததற்குப் பின்னால் ஒரு நிஜப் பயணம் இருக்கிறது: கர்னல் பால் பிளாட்டர்ஸ் தலைமையில் சென்ற பயணம்.

சகாராவைக் கடந்து ஒரு ரயில்பாதை போட முடியுமா என்று அளந்து பார்க்கவே அவரை அனுப்பினார்கள். 1880இல் போன முதல் பயணம் பாதியில் திரும்பியது. அதே ஆண்டு டிசம்பரில் ஊவார்க்லாவிலிருந்து இரண்டாம் பயணம் கிளம்பியது. பொறியாளர்கள், அல்ஜீரியச் சிப்பாய்கள், ஒட்டகக்காரர்கள் எல்லாம் சேர்த்துத் தொண்ணூற்றுச் சொச்சம் பேர். ஹொக்கார் துவாரெக்குகள் தங்கள் நாட்டின் வழியாக அன்னியப் படை போவதை விரும்பவில்லை. 1881 பிப்ரவரி 16 அன்று பீர் எல் கராமா கிணற்றருகே தாக்கினார்கள்.

அங்கே நடந்த தவறு எல்லாப் பாலைப் பயணங்களுக்கும் பாடமாக அமைந்தது. முகாம் ஒரு இடம், கிணறு வேறொரு இடம். ஒட்டகங்களுக்குத் தண்ணீர் காட்டக் குழு இரண்டாகப் பிரிந்தது. பிளாட்டர்ஸும் அதிகாரிகள் சிலரும் கிணற்றருகே கொல்லப்பட்டார்கள், ஒட்டகங்கள் பறிபோயின. முகாமில் இருந்தவர்களிடம் துப்பாக்கி இருந்தது, ஆனால் தண்ணீரும் உணவும் சுமக்க விலங்கு இல்லை. கால்நடையாக வடக்கே திரும்பியவர்களுக்கு நஞ்சு கலந்த பேரீச்சம்பழம் கொடுக்கப்பட்டது. ஊமத்தை இனத்துக்கு உறவான ஒரு பாலைச்செடியின் நஞ்சு அது. உண்டவர்கள் சித்தம் கலங்கினார்கள். ஐரோப்பியர் ஒருவரும் உயிரோடு திரும்பவில்லை. ஊர் சேர்ந்தவர்கள் அல்ஜீரியர்களில் சிலரே.

இதற்குப் பிறகு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிரான்ஸ் ஹொக்கார் பக்கம் படை நகர்த்தவில்லை. 1902இல் ஒட்டகப்படைக் கம்பெனிகளை அமைத்தார்கள். அதே ஆண்டு மே 7இல் தித் என்ற இடத்தில் நடந்த மோதலில் துவாரெக்குகள் தோற்றார்கள். நாவலில் சேந்த் அவி தன் கதையைச் சொல்வது 1903இல். அவன் சொல்லும் பயணம் நடப்பதோ அதற்கு ஆறேழு ஆண்டுகள் முன்பு, அதாவது ஹொக்கார் இன்னும் அடங்காத காலத்தில். பெனுவா ஆண்டுகளைக் கவனமாகத் தேர்ந்திருக்கிறார்.

இரண்டு அதிகாரிகள், ஒரு வழிகாட்டி. இவ்வளவு பேர் மட்டும் அத்தனை தூரம் போக முடியுமா?
– வாசகர், ராமநாதபுரம்

போகலாம். சிறு குழுவாகப் போவது சில வகையில் நல்லதுகூட. சின்னக் கிணறே போதும். கணக்கைப் பாருங்கள். குளிர்காலத்தில் ஒட்டகத்தின் மேல் போகும் ஒருவருக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு 6 லிட்டர் வைத்துக்கொள்வோம். மூன்று பேர், அடுத்த கிணறு பத்து நாள் தூரம் என்றால் 180 லிட்டர். வெள்ளாட்டுத் தோலில் செய்த துருத்தி ஒன்றில் ஏறத்தாழ 30 லிட்டர் பிடிக்கும். ஆக ஆறு துருத்தி. தோல் வழியே தண்ணீர் ஓயாமல் கசியும். கசிவதால்தான் அது குளிர்ந்தும் இருக்கும். அதற்காகக் கூடுதலாக ஒன்று. தண்ணீருக்கென்றே இரண்டு சுமை ஒட்டகம் வேண்டும். அந்த இரண்டில் ஒன்று அறுத்துக்கொண்டு ஓடினால் பாதித் தண்ணீர் போயிற்று. ஆகவே எல்லாத் துருத்திகளையும் ஒரே ஒட்டகத்தில் ஏற்றுவதில்லை. இரவில் முன்கால்களைக் கட்டாமல் ஒட்டகத்தை மேய விடுவதும் இல்லை.

துவாரெக் சேணம் திமிலுக்கு முன்னால் உட்காரும். சவாரி செய்பவர் வெறுங்காலை ஒட்டகத்தின் கழுத்தில் ஊன்றி, கால் அழுத்தத்தாலேயே திருப்புவார். படத்தில் சவாரிக் காட்சிகள் வரும்போது இதைக் கவனித்துப் பாருங்கள். ஒட்டகத்தோடு வளர்ந்தவர் யார், படப்பிடிப்புக்காக ஏறியவர் யார் என்று பளிச்சென்று தெரியும்.

இணையத்தில் ஒரு இடத்தில் படம் 196 நிமிடம் என்கிறார்கள், இன்னொரு இடத்தில் 163 நிமிடம். எதை நம்புவது? எங்கள் திரைப்படச் சங்கத்தில் திரையிட விரும்புகிறோம்.
– திரைப்படச் சங்கச் செயலாளர், கோயம்புத்தூர்

மௌனப்படத்தின் நீளத்தை நிமிடத்தில் கேட்கக்கூடாது, மீட்டரில் கேட்க வேண்டும். 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் மீட்டருக்கு ஏறத்தாழ 52.6 ஃபிரேம். நாலாயிரம் மீட்டர் படம் ஒன்றை எடுத்துக்கொண்டால் 2,10,400 ஃபிரேம். நொடிக்கு 16 வேகத்தில் ஓட்டினால் 219 நிமிடம், 18இல் 195, 20இல் 175, 24இல் 146. ஒரு அடிகூட வெட்டாமலே ஒரு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் வந்துவிடுகிறது பாருங்கள். அதோடு காலப்போக்கில் தொலைந்த துண்டுகளும் உண்டு. இன்று பார்க்கக் கிடைக்கும் மீட்டெடுத்த வடிவம் ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் ஓடுகிறது. நெதர்லாந்துத் திரைப்பட அருங்காட்சியகம் செய்த மீட்பு அது.

வேகம் சரியா என்று அறிய நடப்பவர்களின் கால்களைப் பார்க்காதீர்கள். நடிகர்கள் வேண்டுமென்றே விரைந்து நடந்திருக்கலாம். கீழே விழும் பொருள், காற்றில் ஆடும் துணி, புகை, ஊற்றும் தண்ணீர் ஆகியவற்றைப் பாருங்கள். அவற்றுக்கு நடிக்கத் தெரியாது. புகை துள்ளினால் வேகம் அதிகம். ஊற்றும் தண்ணீர் எண்ணெய்போல் இழுபட்டால் குறைவு. கையால் சுழற்றியதால் காட்சிக்குக் காட்சி வேகம் மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள்; ஒரே எண்ணில் எல்லாக் காட்சியும் சரியாகாது.

டிஜிட்டல் கோப்பில் இன்னொரு சிக்கல். 18 வேகப் படத்தை 24இல் ஓட்ட, மூன்று ஃபிரேமுக்கு ஒன்றை இரட்டிப்பார்கள். 20 வேகம் என்றால் ஐந்துக்கு ஒன்று. ஒட்டகம் குறுக்கே போகும்போதும் கேமரா பக்கவாட்டில் திரும்பும்போதும் சின்ன விக்கல் தெரிவது இதனால்தான். உங்கள் ப்ளேயரில் ‘மோஷன் ஸ்மூத்திங்’ போன்ற வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். விக்கலை மறைக்கிறேன் என்று அது மணற்குன்றின் விளிம்பையே கூழாக்கிவிடும்.

நடுவில் ஒரு இடைவேளை விடுங்கள். மலைக்கோட்டையில் அதிகாரிகள் கண்விழிப்பதற்கு முன் விட்டால் பொருத்தமாக இருக்கும்.

கறுப்பு வெள்ளைப் பிரதி ஒன்றில் பார்த்தேன். பட்டப்பகலில் விளக்கு ஏந்திப் போகிறார்கள். இயக்குநர் கவனிக்கவில்லையா?
– வாசகி, மதுரை

அது இரவுக் காட்சி. அன்றைய ஃபிலிமும் விளக்குகளும் இரவில் வெட்டவெளியைப் படம்பிடிக்கப் போதா. ஆகவே பகலில் எடுத்து, பிரிண்டை நீலச் சாயத்தில் தோய்ப்பார்கள். திரையில் நீலம் வந்தால் இரவு; மஞ்சள் கலந்த பழுப்பு வந்தால் விளக்கொளி அல்லது வெயில்; சிவப்பு என்றால் நெருப்பு. மௌனப்படங்களைப் பிற்காலத்தில் கறுப்பு வெள்ளையாகப் படி எடுத்தபோது இந்தச் சாயம் போய்விட்டது. கூடவே கதையின் பகல் இரவும் குழம்பிப்போயிற்று. சாயமுள்ள பிரதியைத் தேடிப் பாருங்கள்.

திரையிடும்போது நேரடி இசை வைக்கலாமா? பிரெஞ்சு டைட்டில் கார்டுகளை எப்படித் தமிழாக்குவது?
– நாடகக் குழுவினர், புதுச்சேரி

தாராளமாக வைக்கலாம். இரண்டு மூன்று பேர் போதும். தயவுசெய்து பாம்பாட்டி மகுடி மெட்டை மட்டும் தொடாதீர்கள். வட ஆப்பிரிக்கா என்றதும் கை தானாக அங்கே போகும். துவாரெக் பெண்கள் வாசிக்கும் இம்ஸாத் என்ற ஒற்றைத் தந்திக் கருவியின் பதிவுகள் கேட்கக் கிடைக்கின்றன. அதன் இழைவை முன்கூட்டியே கேட்டுவிட்டு, உங்கள் வயலினிலோ கஞ்சிராவிலோ உங்கள் வழியில் வாசியுங்கள். ஒவ்வொரு அசைவுக்கும் ஒலி கொடுக்க வேண்டியதில்லை. பாலைவன நடையில் நீண்ட மௌனம் விட்டால் அரங்கம் தானே திரையை உற்றுப் பார்க்கும்.

காட்சிகளுக்கு நடுவே எழுத்தாக வரும் கார்டுகளுக்கு: சொல்லுக்கு ஒரு அடி ஃபிலிம், அதாவது 16 வேகத்தில் ஒரு நொடி, என்பது பழைய கணக்கு. தமிழில் ஒரு சொல்லே பிரெஞ்சின் மூன்று சொல்லைச் சுமக்கும். ஆகவே சொல்லை எண்ணாமல், வாய்விட்டு ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். கார்டு மறைவதற்குள் முடியவில்லை என்றால் சுருக்குங்கள். கீழே எழுத்துப் போடுவதைவிட ஒருவர் படிப்பது எங்களுக்குப் பிடித்த முறை. நம் மௌனப்பட அரங்குகளிலும் அப்படிப் படித்தவர்கள் இருந்தார்கள். படிப்பவர் திரையைப் பார்த்தபடி பக்கவாட்டில் நிற்க வேண்டும். கார்டு தோன்றி அரை நொடி கழித்துத் தொடங்க வேண்டும். பாத்திரத்தின் குரலில் நடித்துப் படிக்கக்கூடாது. நடிப்பு திரையில் இருக்கிறது.

ஆங்கில எழுத்தாளர் ரைடர் ஹாகர்டின் ‘ஷீ’ நாவலைக் காப்பியடித்தது என்கிறார்களே?
– வாசகர், யாழ்ப்பாணம்

அந்தக் குற்றச்சாட்டு நாவல் வந்த உடனேயே எழுந்தது. பெனுவா வழக்குத் தொடுத்துத் தோற்றார். தனக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது என்பது அவர் வாதம். ஆண்களை மயக்கும் அரசி, மலைக்குள் நகரம், போய்ச் சிக்கும் ஐரோப்பியர் என்று ஒற்றுமைகள் ஏராளம். ஆனால் துவாரெக் நாடும் பிளாட்டர்ஸின் நிழலும் ஹாகர்டிடம் இல்லை.

துவாரெக் மக்களுக்கு இப்படி ஒரு அரசி உண்டா?
– வாசகி, ஈரோடு

தின் ஹினான் என்ற ஆதித்தாயை ஹொக்கார் துவாரெக்குகள் தங்கள் குலமுதல்வியாகச் சொல்கிறார்கள். அபலெஸ்ஸாவில் அவளுடையதென்று கருதப்படும் கல்லறை 1925இல்தான் தோண்டப்பட்டது. படம் வந்து நான்கு ஆண்டுக்குப் பின். அதில் கிடைத்த எலும்புக்கூடு அல்ஜியர்ஸின் பார்தோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குகைச்சுவரில் அதிகாரிகள் காணும் எழுத்தும் கற்பனையில்லை. துவாரெக்குகளின் திஃபினாக் எழுத்து இன்றும் வாழ்கிறது.

காலனிய ஆதிக்கத்தைப் புகழும் படத்தை இன்று எதற்குத் திரையிட வேண்டும்?
– வாசகர், சென்னை

நியாயமான கேள்வி. அதிகாரிகள் அங்கே எதற்குப் போகிறார்கள் என்று படம் ஓரிடத்திலும் கேட்பதில்லை. வரைபடம் வரைவதும் பாதை தேடுவதும் இயற்கையான கடமை என்றே காட்டுகிறது. துவாரெக் ஆண்களின் முகத்திரை மர்மத்துக்கும் வஞ்சகத்துக்கும் அடையாளமாகிறது. ஆனால் நிஜத்தில் அது மணலுக்கும் வெயிலுக்கும் மரியாதைக்கும் உரிய உடை. பிரெஞ்சுக்காரனின் வீழ்ச்சிக்குப் பழி ஒரு பெண்மேல் விழுகிறது. அவன் கையில் இருந்த சுத்தியல்மேல் விழவில்லை.

இதையெல்லாம் தெரிந்துகொண்டே பார்க்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. ஒரு பேரரசு தன்னைப் பற்றித் தானே என்ன கனவு கண்டது என்று அறிய இதைவிடத் தெளிவான ஆவணம் குறைவு. படத்துக்கு முன் பத்து நிமிடம் எடுத்து, பிளாட்டர்ஸ் பயணத்தைத் துவாரெக்குகளின் பக்கத்திலிருந்து சொல்லுங்கள்: தங்கள் கிணற்றருகே அளவுச்சங்கிலியோடு வந்து நின்ற படையை அவர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று. பிறகு படத்தைப் போடுங்கள். அதே மணற்குன்றுகள் வேறு மாதிரித் தெரியும்.

பிரான்ஸின் நூறாண்டுப் பழைய படம் கிடைக்கிறது. நம் மௌனப்படங்கள் ஏன் கிடைப்பதில்லை?
– வாசகர், நாகர்கோவில்

உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்தது பொருத்தமே. நாகர்கோவிலைச் சேர்ந்த சுந்தர்ராஜ் தயாரித்த ‘மார்த்தாண்ட வர்மா’ (1933) தென்னிந்திய மௌனப்படங்களில் தப்பிப் பிழைத்த அபூர்வப் பிரதி. நாவலின் பதிப்புரிமை வழக்கில் சிக்கிப் பெட்டி முடங்கியதால் பிழைத்தது. இப்போது புனே தேசியத் திரைப்படக் காப்பகத்தில் இருக்கிறது. நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த ‘கீசக வதம்’ ஒரு அடிகூட மிஞ்சவில்லை.

காரணங்கள் பல. அன்று படம் எடுக்கப் பயன்பட்ட நைட்ரேட் ஃபிலிம் தீப்பிடித்தால் அணையாது. எரிவதற்கான ஆக்சிஜனைத் தன்னுள்ளேயே வைத்திருப்பதால் தண்ணீருக்குள்ளும் எரியும். எரியாவிட்டாலும் நம் வெப்பத்திலும் ஈரத்திலும் அழுகும்: முதலில் படம் வெளிறும், பிறகு பிசுபிசுக்கும், கொப்புளம் வரும், கடைசியில் பழுப்புப் பொடியாகும். அந்தப் பொடி நிலையை எட்டுமுன் பல பிரதிகளை அவற்றில் இருந்த வெள்ளிக்காக உருக்கினார்கள். பேசும்படம் வந்ததும் ஊமைப்படப் பெட்டி வீட்டில் இடத்தை அடைக்கும் ஆபத்தான சரக்காயிற்று. ஐரோப்பாவிலும் இதே அழிவு நடந்தது. ஆனால் ‘லத்லாந்தீத்’ பல நாடுகளில் ஓடியதால் ஒரு நாட்டில் அழிந்தது இன்னொரு நாட்டில் மிஞ்சியது. நம் படங்களுக்கு எடுத்ததே சில பிரதிகள்தான்.

வீட்டில் பழைய ஃபிலிம் சுருள் இருந்தால் திறக்கவோ ஓட்டிப் பார்க்கவோ வேண்டாம். காடி நெடி அடித்தால் அது அசிட்டேட் என்ற பிற்கால வகை ஃபிலிம். புளித்த நெடியோடு பிசுபிசுப்பும் பழுப்பும் இருந்தால் நைட்ரேட்டாக இருக்கலாம். அடைத்த அலமாரியிலும் வெயிலிலும் வைக்காமல், காற்றோட்டமான குளிர்ந்த இடத்தில் வைத்துவிட்டுப் புனே காப்பகத்துக்கு எழுதுங்கள். தபாலில் அனுப்பாதீர்கள்.

இதே கதையை இயக்குநர் பாப்ஸ்ட் 1932இல் எடுத்திருக்கிறாரே, எதை முதலில் பார்ப்பது?
– வாசகர், தஞ்சாவூர்

1921ஐ முதலில். பாப்ஸ்டின் பேசும்படம் ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம் என்று மூன்று மொழியில் எடுக்கப்பட்டது; மூன்றிலும் அந்தினேயா பிரிகிட்டே ஹெல்ம். அரசியைப் பொறுத்தவரை அவரே மேல். ஃபெய்டரின் ஸ்டாசியா நாப்பியர்கோவ்ஸ்கா தேர்ந்த நடனக்காரி, ஆனால் இந்த வேடத்தில் அச்சம் ஊட்டவில்லை. மொரான்ஜாக நடித்த ஜான் ஆஞ்செலோ இரண்டிலும் உண்டு: 1921இல் மௌனமாக, 1932இன் பிரெஞ்சுப் பிரதியில் குரலோடு.